காவடி தூக்குகிறவருக்கு பூட்ஸ் படமா? ஃபிட்னஸ் ஆப் பரிசுகள் பற்றிக் கேள்வி பதில்

ஃபிட்னஸ் ஆப்களுக்கு பேட்ஜ், ஸ்ட்ரீக் (இலக்கை விடாமல் எட்டிய நாட்களின் தொடர்), லெவல் வடிவமைப்பது என் தொழில். வீடு காரைக்குடி. ஊர், மதம், சாதி, ஆண் பெண் பற்றி வரைபவர் மனதில் இருக்கும் முன்முடிவுகள் இந்தப் பரிசுகளுக்குள் எப்படி நுழைகின்றன என்பதைப் பற்றிக் கேளுங்கள். எந்த வாட்ச் வாங்கலாம், மூட்டு வலிக்கு என்ன செய்யலாம் என்பவை என் எல்லைக்கு வெளியே. இன்னொன்று: சாப்பாட்டைப் பரிசாக்கும் எந்த ஆப்பையும் நான் எதிர்ப்பேன். அதை இன்று பலமுறை சொல்லப் போகிறேன்.

கோட்டையூர் வாசகர்: ஆச்சி, பேட்ஜ்ங்கிறது சும்மா ஒரு படம்தானே? அதுல என்ன தப்பு வந்துடும்?

அடி எண்ணும் கைப்பட்டை விற்ற ஃபிட்பிட்டின் பழைய பேட்ஜ் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக நடந்த தூரம் 70 மைல் ஆனால் "பென்குயின் ஊர்வலம்" என்ற பேட்ஜ். 250 மைலுக்கு லண்டன் சுரங்க ரயில், 500 மைலுக்கு செரங்கெட்டி, 1,997 மைலுக்கு இந்தியா, 2,983 மைலுக்கு சகாரா. தூரம் மனதில் பதிய இது நல்ல வழிதான். ஆனால் லண்டனுக்கு மனிதர்கள் கட்டிய ரயில் கிடைத்திருக்கிறது, ஆப்பிரிக்காவுக்குக் காட்டு விலங்கும் மணலும் கிடைத்திருக்கின்றன. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்திருக்க மாட்டார்கள். வரைபவருக்கு முதலில் எது தோன்றுகிறதோ அதுவே பரிசாகிவிடுகிறது, அதைத் தினமும் லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள்.

அதே பட்டியலில் ஒரு நாள் அடிக்கணக்குக்குக் காலணிப் படங்கள்: 5,000 அடிக்குப் படகுக் காலணி, 10,000க்கு ஸ்னீக்கர், 15,000க்கு பூட்ஸ். தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனி போகிற கூட்டத்தில் எத்தனை பேர் காலில் செருப்பு இருக்கிறது? அன்றைக்கு அந்தச் சாலையில் நடக்கிற அளவுக்கு ஸ்னீக்கர் போட்டவர்கள் நடப்பதில்லை.

பள்ளத்தூர் வாசகர்: மூவாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல வாட்ச் எது?

என் துறை இல்லை. கடையில் கேளுங்கள்.

தேவகோட்டை மாணவி: அக்கா, அப்பா வருஷா வருஷம் காவடி எடுத்துப் பழனிக்கு நடக்குறாங்க. போன தடவை வாட்ச் கட்டிவிட்டேன். நடந்ததுல பாதிகூடக் காட்டல. ராத்திரி அவ்வளவு தூரம் நடந்தும் "இன்றைய இலக்கு தவறியது"ன்னு வந்துச்சு. ஏன்?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி, விரிவாகச் சொல்கிறேன்.

கைக்கடிகாரம் காலைப் பார்ப்பதில்லை. கை வீசுவதை வைத்து அடியைக் கணக்கிடுகிறது. உங்கள் அப்பா ஒரு கையால் தோளில் காவடித் தண்டைப் பிடித்திருப்பார். அந்தக் கையில் வாட்ச் இருந்தால் அடி குறைவாகத்தான் விழும். கடையில் தள்ளுவண்டி தள்ளுகிறவருக்கும் இதே கதிதான். போனை இடுப்பில் செருகிக்கொண்டால் கணக்கு ஓரளவு சரியாக வரும்.

அடுத்தது நேரம். யாத்திரைக்காரர்கள் வெயிலுக்கு முன் தூரத்தைக் கடக்க நடுநிசியிலும் விடியலுக்கு முன்பும் நடப்பார்கள். ஆப்புக்கோ நள்ளிரவு 12 மணிக்கு நாள் முடிந்துவிடும். சிங்கம்புணரியிலிருந்து நத்தம் பக்கம் ஒரே மூச்சில் நடந்ததை அது இரண்டாக வெட்டி, இரண்டு நாளிலும் இலக்கு தவறியதாகச் சொல்லிவிடும். காலையில் எழுந்து, மாலையில் ஓடி, இரவில் தூங்குகிற ஒருவரை மனதில் வைத்து எழுதிய கணக்கு இது. படத்தில் மட்டுமல்ல, கடிகார முள்ளிலும் முன்முடிவு உட்கார்ந்திருக்கிறது.

உள்ளூர்ப் பரிசு என்று கேட்டால் நிறுவனங்கள் உடனே படத்தை மாற்றுகின்றன. அளவுகோல் அப்படியே இருக்க மேலே ஒரு கண்டாங்கிச் சேலையைச் சுற்றிவிட்டால் அது உள்ளூர் ஆகிவிடாது. காவடி பேட்ஜ் வரைவதற்கு முன் காவடி தூக்குகிறவரின் அடியை ஒழுங்காக எண்ணுங்கள் என்பதுதான் நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது.

அதே மாணவி: அப்ப யாத்திரைக்குத் தனியா காயின், கூப்பன் எல்லாம் கொடுக்கலாமா?

வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டு மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரையப் பிரியப்படுகிற குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், தாங்களாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் பேனாவை எடுப்பது குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு வாங்கிய குழந்தைகளிடம் அந்தக் குறைவு இல்லை. நேர்ந்துகொண்டு நடக்கிறவருக்கு நடக்கக் காரணம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் கூப்பனை ஒட்டாதீர்கள். தூரத்தைச் சரியாகக் காட்டினாலே போதும்.

காரைக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: தினம் 10,000 அடி கட்டாயமா அம்மா? எட்டாயிரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. ஆப் தினமும் சிவப்பு காட்டுகிறது.

கட்டாயம் இல்லை ஐயா. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சி ஆர்வம் பெருகியது. மறுவருடம் யமாசா என்ற நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியோடு வந்த எண் இது, விற்பனைக்கு வைத்த எண். 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரின் குழு சராசரி வயது 72 உள்ள பெண்களைப் பார்த்தது. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 வாக்கில் அந்தப் பலன் கூடுவது நின்றுவிட்டது. உங்கள் உடம்புக்கு எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். அந்தச் சிவப்பு நிறத்தை மட்டும் பொருட்படுத்தாதீர்கள்.

செக்காலை வாசகி: இந்தியான்னாலே யோகா பேட்ஜ்தானா?

ஜூன் 21ஐ யோகா தினமாக ஐ.நா. அறிவித்தது 2014 டிசம்பரில். ஆப்பிள் வாட்ச் அந்த நாளுக்குப் பதக்கம் தருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, உலகம் முழுக்க எல்லோருக்கும் தருகிறார்கள். பத்மாசனத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, இந்தியப் பயனருக்கு வேறெதுவும் யோசிக்காமல் விடுவதுதான் குறை. சிலம்பம், சடுகுடு, வயல் வேலை எல்லாம் "பிற பயிற்சிகள்" என்ற ஒரே பெட்டிக்குள் போய்விடுகின்றன.

சென்னை, ஒரு வடிவமைப்பாளர்: மேம், தென்மாவட்டங்களுக்காக ஒரு "செட்டிநாடு பேக்"னு பேட்ஜ் தொகுப்பு வரைஞ்சிருக்கோம். முதல் லெவல் ஆத்தங்குடித் தரைக்கல். நடுவுல கண்டாங்கி கட்டின ஆச்சி, கையில சிக்கன் தட்டு. கடைசி லெவல் அரண்மனை வாசல்ல பணப்பெட்டியோட மீசைக்காரச் செட்டியார். லோக்கலா இருக்கும்ல?

இருக்காது. தயவுசெய்து வெளியிடாதீர்கள்.

பணப்பெட்டிச் செட்டியாரிலிருந்து தொடங்குகிறேன். பர்மாவில் செட்டியார்கள் விவசாயிகளுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துவந்தார்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. "நிலத்தைப் பிடுங்கும் வட்டிக்காரன்" என்ற கேலிச் சித்திரம் அந்தக் காலத்தில்தான் வேரூன்றியது. அந்த வெறுப்போடுதான் பல குடும்பங்கள் ஊர் திரும்பின. நீங்கள் விளையாட்டாக வரைந்த பெட்டிக்குப் பின்னால் அந்த நினைவு இருக்கிறது.

ஆச்சியைப் பாருங்கள். உங்கள் படத்தில் அவர் நடக்கவில்லை, நடந்து வருகிறவருக்குப் பரிமாற நிற்கிறார். ஆப் பயன்படுத்துகிற பெண்ணுக்கு நீங்கள் கொடுத்த இடம் அடுப்படி. தட்டு இன்னும் மோசம். சாப்பாட்டைப் பரிசாக வைக்காதீர்கள், எரித்த கலோரிக் கணக்காகவும் காட்டாதீர்கள். "இன்று இரண்டு பரோட்டா எரித்தீர்கள்" என்று வந்தால், சாப்பிட்டதற்கான தண்டனையாக நடை மாறிவிடுகிறது.

கானாடுகாத்தான் வாசகர்: ஆச்சி, ரொம்பக் கடுமையாப் பேசுறீங்க. எங்க வீட்டைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வர்றாங்க. பெருமையா ஒரு வீட்டுப் படம் போட்டா என்ன?

வீடு பெருமைக்குரியதுதான் அண்ணே. கோட்டோவியமாகப் பின்னணியில் இருக்கட்டும். அதைக் கடைசி லெவல் ஆக்கினால், அந்த வீட்டில் பிறக்காதவர் கீழே நிற்கிறார் என்று அர்த்தமாகிவிடும்.

புதுவயல் வாசகி: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். செட்டிநாடுன்னா நகரத்தார் மட்டுமா? எங்கப்பா ரைஸ் மில் களத்துல நெல்லு கிண்டுறவர். வெயில்ல நாள் முழுக்க நடை. அவருக்கு இந்த பேக்குல எந்தப் படம்?

எந்தப் படமும் இல்லை, அதுதான் சிக்கல். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் சால் பிடித்து முன்னும் பின்னும் நடந்து புரட்டுவார்கள். சூடு உள்ளங்காலில் ஏறும். அந்த நடை ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் என்று எந்த ஆப்பும் கேட்டதில்லை. நடை என்றால் பார்க்கில் ஓய்வு நேரத்தில் நடப்பது என்றே வைத்திருக்கிறார்கள்.

ஆத்தங்குடி வாசகர்: நான் கல்லு வார்க்கிறேன். கண்ணாடி மேல அச்சு வச்சுக் கலர் ஊத்தி, சிமெண்டு போட்டு அமுக்கி எடுக்கணும். கை ஓயாது. ஆனா வாட்ச் மணிக்கு ஒருதடவை "எழுந்து நில்லுங்கள்"னுது.

கையால் உழைக்கிற உடம்பை அது சும்மா உட்கார்ந்த உடம்பாக நினைக்கிறது. இதை மாற்ற முடியும். ஆப்பிள் 2016இல் சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்காகக் கையால் தள்ளுவதை எண்ணும்படி கணக்கையே மாற்றியது. எழுந்து நிற்கச் சொல்வதையும் அவர்களுக்கு நிறுத்தியது. அந்த அக்கறையை அச்சு வார்ப்பவரிடமும் காட்டலாம். 2018இல் கூகுள் ஃபிட் கொண்டுவந்த இதயப் புள்ளி இன்னொரு வழி: மிதமான உழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு புள்ளி, கடுமையானதற்கு இரண்டு. உங்கள் வேலை இதயத் துடிப்பை அந்த அளவுக்கு ஏற்றினால், நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் புள்ளி விழும்.

கானாடுகாத்தான் வாசகர்: சரி ஆச்சி, நெல்லு கிண்டுறவர் படத்தைப் போட்டா அது மட்டும் முத்திரை குத்துறது இல்லையா?

ஆகும் அண்ணே, நியாயமான கேள்வி. அவர் மகள் வேறு வேலைக்குப் போவார், அவருக்கே அந்தப் படம் பிடிக்காமலும் போகலாம். அதனால்தான் மனித உருவத்தைப் பரிசில் வைக்காதீர்கள் என்கிறேன். எல்லோருடைய உழைப்பையும் எண்ணுங்கள். எந்தப் படம் என்பதைப் பரிசு வாங்குகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். சென்னைத் தம்பி, புதுவயலுக்கும் ஆத்தங்குடிக்கும் ஒருமுறை நேரில் வந்து பேசுங்கள். பணப்பெட்டியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கண்டனூர் வாசகர்: 10,000 அடி நடந்தே ஆகணுமா?

மேலே ஆசிரியர் ஐயாவுக்குச் சொல்லியிருக்கிறேன்.

காரைக்குடி வாசகர்: நோன்பு மாசத்துல என் 200 நாள் ஸ்ட்ரீக் போயிடுச்சு அக்கா. பெருநாளைக்கு பிறை பேட்ஜ் மட்டும் வந்துச்சு.

பிறையை வரைந்தவர்கள் நோன்பைக் கேட்கவில்லை. ரமலான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும், கோடையிலும் வரும். பகலில் ஓடு என்று விரட்டி, ஓடவில்லை என்று தொடரை அறுப்பது அநியாயம். ஆப்பிள் 2024இல்தான் இலக்கை நிறுத்திவைக்கும் வசதியைத் தந்தது. நோன்பு, விரதம், பிரசவம், காய்ச்சல், எதற்கும் காரணம் கேட்காமல் நிறுத்த விட வேண்டும்.

கல்லூரி மாணவர்: இந்தியர்கள் கூட்டு மனப்பான்மை உள்ளவர்கள், அதனால் குழுப் பரிசுதான் வேலை செய்யும் என்று பாடத்தில் இருக்கிறது. சரியா?

நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்ட ஆய்வாளர் ஹாஃப்ஸ்டெட் சொன்னது. 1960களின் இறுதியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பிலிருந்து வந்த நாட்டுச் சராசரி. அதை வைத்து ஒரு தனி மனிதருக்குப் பரிசு வடிவமைக்க முடியாது. குழுப் பரிசு, தனிப் பரிசு இரண்டையும் வையுங்கள், வேண்டியதை அவர் எடுத்துக்கொள்வார்.

பள்ளத்தூர் வாசகர்: ஐயாயிரம்னா எந்த வாட்ச்?

தொகை மாறினாலும் என் பதில் மாறாது.

கானாடுகாத்தான் வாசகி: நாங்க தெருப் பொம்பளைங்க சேர்ந்து காலையில ஊருணியைச் சுத்துறோம். ஆப் எங்களுக்கு "பழைய ரவிக்கைக்குள் நுழையுங்கள்"னு ரோஸ் கலர் பேட்ஜ் தருது. எங்களுக்கு என்ன பரிசு வச்சுக்கலாம் ஆச்சி?

அந்த அறிவிப்பை முதலில் அணைத்துவிடுங்கள். ஓட்டம், சைக்கிள் பயிற்சியைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பில் வேகமான ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மகுடம் உண்டு. 2020இல் அதோடு "லோக்கல் லெஜண்ட்" என்று ஒன்றைச் சேர்த்தார்கள்: 90 நாளில் ஒரே பாதையை யார் அதிக முறை கடந்தாரோ அவருக்கு, வேகம் பார்க்காமல். உங்களுக்கு அந்த மாதிரிப் பரிசு பொருந்தும். ஊருணிக் கரையை ஒரு பாதையாகப் பதிந்துகொள்ளுங்கள். பாதைக்குப் பெயர் நீங்களே வையுங்கள். அறுபது வயது அத்தையும் மருமகளும் ஒரே பட்டியலில் வருவார்கள், முதலிடம் அத்தைக்கே போகவும் வாய்ப்பு உண்டு. சுற்று முடிந்து இட்லி சாப்பிட்டால் அதை ஆப்பில் ஏற்றாதீர்கள்.