புது சஸ்பென்ஷன் பார்ட்ஸ் போட்டும் டொக் டொக்னு சத்தமா?

கேள்வி இதுதான்: கார்ல முன்பக்கம் லிங்க் ராடு (வண்டி சாயாம பிடிக்கிற ஸ்டெபிலைசர் பாரோட இணைப்புக் கம்பி), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ் ஆர்மோட ரப்பர் மூட்டு), ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பர் மேல்முனையை பாடியோட பிடிக்கிற பாகம்) மூணையும் ஆஃப்டர்மார்க்கெட்ல (கார் கம்பெனி இல்லாத வேற பிராண்டுல) வாங்கி மாத்தி ரெண்டு மாசம் கூட ஆகல, சின்ன பள்ளத்துல இறங்கினாலே டொக் டொக்னு அடிக்குது, மெக்கானிக் "பார்ட்ஸ் மட்டம், கம்பெனி ஐட்டம் போடுங்க"ங்கறாரு, மறுபடி செலவு பண்ணணுமா?

அவசரப்படாதீங்க. பார்ட்ஸ் மட்டமாவும் இருக்கலாம்தான், ஆனா நான் முதல்ல சந்தேகப்படுறது அதை மாட்டின விதத்தை. வண்டியை ஜாக்கில தூக்கி சக்கரம் தொங்கிட்டு இருக்கும்போதே ஆர்ம் போல்ட்டை முழுசா டைட் பண்ணிட்டாங்களான்னு கேளுங்க. ரப்பர் புஷ்ல ரப்பர் சுத்தாது, உள்ளயும் வெளியயும் இரும்பு ஸ்லீவோட ஒட்டியிருக்கும், ஆர்ம் மேல கீழ போறப்போ ரப்பர்தான் முறுக்கிக் குடுக்குது. தொங்கின நிலையில இறுக்கிட்டா வண்டி கீழ இறங்கினதுமே அது முறுக்கின மாதிரியே நிக்கும், அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் முறுக்கி சீக்கிரமே கிழிஞ்சிரும். எவ்வளவு ஒசந்த கம்பெனி புஷ்ஷா இருந்தாலும் இதே கதிதான்! வண்டி எடை சக்கரத்து மேல இருக்கும்போதுதான் கடைசி டைட் வைக்கணும், அதுவும் கார் கம்பெனி சொன்ன டார்க்குக்கு (இறுக்குற அளவுக்கு). ஏற்கனவே கிழிஞ்சிருந்தா லூஸ் பண்ணி இறுக்கி பிரயோஜனம் இல்ல, மாத்தத்தான் வேணும்.

லிங்க் ராடா இல்லையான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஒரு சக்கரம் மட்டும் மேட்டுல ஏறுற மாதிரி மெதுவா ஓட்டுங்க, அப்புறம் ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறுற மாதிரி. ஒரு சக்கரம் ஏறும்போது மட்டும் சத்தம் வந்தா லிங்க் மேலயோ ஸ்டெபிலைசர் பார் புஷ் மேலயோதான் சந்தேகம், ஏன்னா ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏறும்போது பார் முறுக்காது. நட்டு லூஸா இருந்தாலும் இதே சத்தம்தான், முதல்ல ஸ்பேனர் வச்சுப் பாருங்க.

நின்ன இடத்துல ஸ்டீயரிங் திருப்பும்போது டங்குனு வந்தா ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங், இல்லன்னா ஸ்பிரிங் நுனி அதோட சீட்ல சரியா உக்காரல.

லேசா பிரேக்ல கால் வச்சதும் சத்தம் நின்னா அது பெரும்பாலும் சஸ்பென்ஷன் இல்ல, பிரேக் பேட்தான் ஆடுது. இதைப் பாக்காம ஆர்ம் வரைக்கும் மாத்துறவங்க இருக்காங்க, என்னத்த சொல்ல.

கிரீச்னு வந்தா சந்தேகப்படுற புஷ் மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க, சத்தம் கொஞ்ச நேரம் நின்னா ஆள் சிக்கிட்டான். அதுக்காக ரப்பர்ல இன்ஜின் ஆயில் விட்டுராதீங்க, ஊறி உப்பிப் போயிரும், சிலிக்கான் கிரீஸ்தான் போடணும். பாலியூரிதேன் (ரப்பருக்குப் பதிலா வர்ற கெட்டி பிளாஸ்டிக் மாதிரி) புஷ்ஷுக்கு மாட்டும்போதே அதைத் தடவியிருக்கணும்.

லிங்க் சத்தத்தோட கொஞ்ச நாள் ஓட்டலாம். லோயர் பால் ஜாயிண்ட்ல (கீழ் ஆர்மை சக்கரப் பக்கத்தோட இணைக்கிற உருண்டை மூட்டு) ஆட்டம் தெரிஞ்சா மட்டும் வண்டியை எடுக்காதீங்க, அது கழண்டா சக்கரமே மடங்கிரும்.