செஸ்னா 172 டேக்-ஆஃப்: வாசகர் சந்தேகங்கள்

கேள்வி: ரன்வேயில் ஓடும்போது "இது எழாது" என்று எந்த இடத்தில் முடிவு செய்வது?

பாதி ரன்வேக்குள், எழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும் என்பது விமானிகள் வழக்கமாகப் போடும் கணக்கு. 172எஸ் (செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் ஒரு ரகம்) மூக்கைத் தூக்குவது 55 நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.). அதில் 70 சதவீதம் சுமார் 38. பாதியில் வேகமானி முள் 35-ல் நின்றால் யோசிக்காமல் த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுக்க இழுத்துப் பிரேக் பிடியுங்கள்.

ஏன் 70? ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, 0.7-ன் வர்க்கம் 0.49. அதாவது பாதியில் 70 சதவீதம் வந்தால், ரன்வே முடிகிற இடத்தில்தான் சக்கரம் எழும். வேகம் ஏற ஏற முடுக்கம் குறைவதால் உண்மையில் இன்னும் தள்ளியே எழும். முனையில் மரம் நின்றால் இந்தக் கணக்கு உதவாது. பாதி எது என்பதற்கு ஒரு டாக்ஸிவேயையோ (ரன்வேயோடு சேரும் இணைப்புப் பாதை) கம்பத்தையோ கிளம்புமுன்பே குறித்துக்கொள்ளுங்கள்; ஓடும்போது தேட நேரமிருக்காது.

கேள்வி: விமானக் கையேட்டில் டேக்-ஆஃப் தூரம் 960 அடி என்றிருக்கிறது. 2,000 அடி ரன்வே தாராளம்தானே?

960 என்பது கடல்மட்டம், 15 டிகிரி செல்சியஸ் வெப்பம், 2,550 பவுண்டு, காற்றில்லாத நாள், காய்ந்த தார்த்தளம், பிரேக் பிடித்தபடி முழு த்ராட்டில் கொடுத்துக் கிளம்புதல் என்ற கணக்கில் வந்தது. அதுவும் சக்கரம் எழும் வரைதான். 50 அடித் தடையைத் தாண்ட 1,630 அடி. பின்னாலிருந்து வீசும் பின்காற்றின் வேகத்தில் ஒவ்வொரு 2 நாட் அளவுக்கும் 10 சதவீதம் கூட்ட வேண்டும். 6 நாட் பின்காற்று என்றாலே 2,119 அடி. உங்கள் ரன்வே தீர்ந்துவிட்டது. காய்ந்த புல்தரையாக இருந்தால், தரையோட்டத்தில் 15 சதவீதம் இன்னும் சேரும்.

கேள்வி: எடை வரம்பைவிட 100 பவுண்டு கூடினால் என்ன ஆகிவிடும்?

1996 ஏப்ரல் 11, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சையென். செஸ்னா 177பி ஒன்று எடை வரம்பைவிட 96 பவுண்டு கூடுதலாக, 6,156 அடி உயரத்திலுள்ள விமான நிலையத்திலிருந்து, நெருங்கி வந்த இடிமழைக்குள் கிளம்பியது. எழுந்த சற்று நேரத்திலேயே ஸ்டாலாகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து) விழுந்தது. இருந்த மூவரும் இறந்தனர். அந்த 96 பவுண்டு மட்டும் கொல்லவில்லை. மெல்லிய காற்று, புயல், பயண அட்டவணையின் அவசரம் எல்லாம் அதோடு கூடின. 172எஸ்ஸில் 3,000 அடிக்கு மேலுள்ள நிலையங்களில், முழு த்ராட்டிலில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழற்சி வேகம்) உச்சம் தொடும்வரை மிக்ஸ்சரை (காற்றோடு சேரும் எரிபொருள் அளவு) குறைத்த பிறகே கிளம்புங்கள்.

கேள்வி: 400 அடியில் எஞ்சின் நின்றால் திரும்பலாமா?

கூடாது. 70 நாட் வேகத்தில், 30 டிகிரி சாய்வில் பாதி வட்டம் போட 20 வினாடி. முடிக்கும்போது ரன்வேக்கு 450 மீட்டர் பக்கவாட்டில் இருப்பீர்கள். சாய்வை 45 ஆக்கினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். உடனே மூக்கை இறக்குங்கள்: ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) இறக்காமல் 70 நாட், இறக்கியிருந்தால் 65. மிக்ஸ்சர் கட், எரிபொருள் வால்வு மூடல், இக்னிஷன் ஆஃப், மாஸ்டர் (மின்சாரத்தின் முதன்மை ஸ்விட்ச்) ஆஃப், கதவுத் தாழ் திறப்பு. நேரே எதிரே கிடைக்கிற இடத்தில் இறங்குங்கள்.

கேள்வி: எழுந்தவுடன் கதவு திறந்துகொண்டால்?

சத்தம் காதைப் பிளக்கும், விமானம் பறக்கும். கதவை எட்டிப் பிடிக்காமல், சுற்றி வந்து இறங்கிய பிறகு சாத்துங்கள்.