டூரின்ல ஆன்டிபாஸ்டோ தட்டு: என்ன வாங்கணும், எவ்ளோ வாங்கணும்?

கேள்வி: வேலைக்காக டூரின் வந்து ஒரு வருஷம் ஆச்சு. வர்ற சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அஞ்சு இத்தாலிக்காரங்களையும் நம்ம ஊரு ஃப்ரெண்ட்ஸ் மூணு பேரையும் சாப்பிட கூப்பிட்டிருக்கேன். பிரியாணி நான் பாத்துக்குவேன், அதுக்கு முன்னாடி ஒரு ஆன்டிபாஸ்டோ தட்டு வைக்கணும்னு ஆசை. நம்மாளுங்கள்ல ஒருத்தி சுத்த சைவம், ஒருத்தன் மாட்டுக்கறி தொட மாட்டான். கடையில போய் நின்னா தலை சுத்துது.

பதில்: முதல்ல ஒண்ணு, ஆன்டிபாஸ்டோன்னா பாஸ்தாவுக்கு முன்னாடின்னு அர்த்தம் இல்ல, "பாஸ்தோ"ன்னா சாப்பாடு, சாப்பாட்டுக்கு முன்னாடி வாய்க்கு ருசியா கொஞ்சம், அவ்ளோதான். பின்னாடி பிரியாணி வேற வருது, அதனால தட்ட ரொப்பிடாதீங்க. தலைக்கு 50 கிராம் பதப்படுத்தின கறி, 50 கிராம் சீஸ் தாராளம். உங்களையும் சேத்து ஒம்பது பேர், கறி சாப்பிடுறவங்க எட்டு, மொத்தம் 400 கிராம் போதும். பத்து வகைய அம்பது அம்பது கிராமா வாங்கி அடுக்குறதுக்கு மூணே வகைய நல்லதா வாங்குறது மேல்.

பாக்கெட்ல வெட்டி வெச்சிருக்குறத விட்டுட்டு நேரா கவுண்டருக்கு போங்க. அங்க ஒரு நம்பர் சீட்டு மிஷின் இருக்கும், சீட்டு கிழிச்சிட்டு உங்க நம்பர் வர்ற வரைக்கும் நில்லுங்க, சீட்டு எடுக்காம எவ்ளோ நேரம் நின்னாலும் யாரும் கூப்பிட மாட்டாங்க, எனக்கு மொத வாரம் அப்படித்தான் ஆச்சு. அங்க கிராம் கணக்கு கிடையாது, 100 கிராம்னா "உன் எத்தோ", 200ன்னா "துவே எத்தி". "துவே எத்தி தி க்ரூதோ, சொத்தீலே"ன்னு சொன்னீங்கன்னா ப்ரொஷூட்டோ, அதாவது வேக வைக்காம பச்சையா பதப்படுத்தின பன்னித்தொடைக்கறி, 200 கிராம் மெலிசா வெட்டித் தருவாங்க. மொத துண்ட மிஷின்ல இருந்து எடுத்து தூக்கிக் காட்டுவாங்க, அந்தப்பக்கம் லேசா வெளிச்சம் தெரியணும், தெரியலன்னா இன்னும் மெலிசுன்னு கேளுங்க, கோச்சுக்க மாட்டாங்க.

பார்மா ப்ரொஷூட்டோல பன்னிக்கறியும் உப்பும் தவிர வேற ஒண்ணும் கிடையாது, தோல்ல அஞ்சு முனை கிரீடம் முத்திரை இருக்கும். இது 200 கிராம், பொலோனியா மோர்ட்டடெல்லா (பன்னிக்கறிய அரைச்சி வேக வெச்ச பெரிய சாசேஜ்) 100, மாட்டுக்கறி கலக்காத ஏதாவது ஒரு சலாமி (காய வெச்ச சாசேஜ்) 100, முடிஞ்சுது. மோர்ட்டடெல்லால பிஸ்தா போட்டது, போடாதது ரெண்டும் உண்டு, அது அவங்கவங்க இஷ்டம். மாட்டுக்கறி வேணாங்குறவருக்காக ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ப்ரெசாவோலா, பாக்க சிவப்பா அழகா இருக்கும் ஆனா முழுக்க மாடு. அதே மாதிரி டூரின் இருக்குற இந்த பியெமோந்தே பக்கம் எல்லா கடையிலயும் ரெடியா விக்குற வித்தெல்லோ டொன்னாட்டோ, மேல டியூனா மீன் சாஸ் ஊத்தியிருக்கும், அடியில இருக்குறது கன்னுக்குட்டிக்கறி.

சைவத்துக்குத்தான் நிஜமா சிக்கல். சீஸ் பால்தானேன்னு பார்மிஜானோவ நீட்டிடாதீங்க. பால உறைய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த ரென்னட் போடுறாங்க, பார்மிஜானோ, கிரானா படானோ ரெண்டுக்கும் அதான் விதி, பெக்கொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டி ரென்னட். லேபிள்ல வெறும் "கால்யோ" (ரென்னட்)ன்னு மட்டும் இருந்தா மிருகத்தோடதுன்னே வெச்சுக்கோங்க, "வெஜெத்தாலே" இல்ல "மிக்ரோபிக்கோ"ன்னு கூடவே போட்டிருந்தா அவங்க சாப்பிடலாம். மஸ்கார்போனேங்குற க்ரீம் சீஸ ரென்னட் இல்லாம அமிலம் ஊத்தித்தான் திரிய வைப்பாங்க, அதுல பொடியா நறுக்கின வெங்காயத்தாள், எலுமிச்சை தோல் துருவல் போட்டு ஒரு கிண்ணம் வெச்சிடுங்க, மத்தவங்களும் அதுல கை வைப்பாங்க பாருங்க. மத்தவங்களுக்கு 24 மாசம் ஆன பார்மிஜானோ 200 கிராம், இந்த ஊரு தோமா சீஸ் 200 கிராம். பார்மிஜானோவ கத்தியால ஸ்லைஸ் போடாதீங்க, குத்தி உடைச்சி வையுங்க, அந்த கரகரப்பு அப்பதான் தெரியும்.

இன்னொரு பொறி கிரிசீனி. டூரினோட சொந்தச் சரக்கு, குச்சி குச்சியா இருக்குற ரொட்டி, அத விடவே கூடாது, ஆனா சிலதுல "ஸ்த்ருத்தோ"ன்னு போட்டிருக்கும், பன்னிக்கொழுப்பு அது. ஆலிவ் எண்ணெய் போட்டதா பாத்து எடுங்க. கையால உருட்டின "ரொபத்தா" கிடைச்சா அதான் பெஸ்ட்.

காய்க்கு போர்ட்டா பலாட்சோ சந்தைக்கு சனிக்கிழமை காலையில போங்க. அங்க "பெப்பெரோனி"ன்னு எழுதியிருந்தா பீட்சா மேல போடுற கறியோன்னு பயப்படாதீங்க, குடமிளகாய்தான். சுட்டு தோல் உரிச்சி பூண்டு, எண்ணெய் ஊத்தி வெச்சிடுங்க. ஆலிவ்ல லிகூரியா பக்கத்து தஜாஸ்கா சின்னதா இருக்கும் ஆனா ருசி அதிகம், கூட சிசிலியோட பச்சை ஆலிவும் அதுல பாதி அளவு வாங்குங்க. எண்ணெய்ல ஊறின ஆர்ட்டிசோக் ஒரு பாட்டில். குட்டி மிளகாய்க்குள்ள அடைச்சி விக்குறத சைவக்காரங்க பக்கம் வைக்காதீங்க, உள்ள டியூனாவோ நெத்திலியோ இருக்கும். நெத்திலின்னதும் ஞாபகம் வருது, கடலே இல்லாத இந்த ஊர்ல உப்பு நெத்திலிக்கு அவ்ளோ மவுசு, மலைமேல இருக்குற மைரா பள்ளத்தாக்கு ஆளுங்கதான் ஒரு காலத்துல வண்டி தள்ளிட்டு ஊர் ஊரா வித்தாங்க. பார்ஸ்லி, பூண்டு அரைச்ச பச்சை சாஸ்ல ஊறினது ஒரு 150 கிராம் வாங்குனீங்கன்னா உங்க ஆபீஸ்காரங்க கண்ணு விரியும்.

கறிய மட்டும் சனிக்கிழமையே வாங்குங்க. நான் ஒரு தடவ வியாழக்கிழமையே வெட்டி வாங்கி வெச்சிட்டு ஞாயித்துக்கிழமை பிரிச்சா ஓரமெல்லாம் கருத்து காஞ்சி போயிருந்துச்சு. சின்னக் கடைங்க மத்தியானம் மூடிடும், அதுக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. சீஸ விருந்தாளி வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய எடுங்க, ப்ரொஷூட்டோவ பத்து நிமிஷம் முன்னாடி. சைவத் தட்டு தனி, அதுக்கு ஸ்பூனும் தனி.