சுவாமியிட்டக் கேக்கத் தயங்கின கேள்வியள்

இந்த முறை வந்த கேள்வியள்ல பாதிக்கு மேல ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் (குருச் சுவாமியிட்டப் பாவத்தைச் சொல்லுறது), உத்தரிக்கிற ஸ்தலம் (செத்த ஆத்துமாக்கள் சுத்தமாகிற நிலை) எண்டு திருச்சபைச் சொல்லுகளைப் பற்றித்தான். ஆனா எழுதின ஆக்கள் எல்லாரும் கடைசி யுத்தத்தில பட்டதை மனசில வச்சுக்கொண்டுதான் கேட்டிருக்கினம், அதால நாலை மட்டும் எடுத்து ஆறுதலா எழுதுறன்.

2009ல மாத்தளன்ல பங்கருக்குள்ளதான் எனக்கு மகள் பிறந்தவ. பிள்ளை அழவேயில்லை, நீலம் பாரிச்சுப் போச்சு. என்னால எழும்ப ஏலாது. பக்கத்து பங்கரில இருந்த சைவக்கார அம்மா ஒராள் நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி, போத்தில் மூடியில தண்ணி எடுத்துத் தலையில ஊத்தினவ. பிள்ளை தப்பியிட்டா, இப்ப உறுதிபூசுதலுக்குப் படிக்கிறா. சைவ ஆள் குடுத்த ஞானஸ்நானம் செல்லாது எண்டு சொந்தக்காரர் சொல்லினம். உண்மையோ? (ஒரு தாய், முழங்காவில்)

செல்லும் தங்கச்சி. முழுசாச் செல்லும், பயப்பிடாதேங்கோ.

ஞானஸ்நானத்துக்கு வேண்டியது தண்ணி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே எண்ட வார்த்தை, திருச்சபை செய்யிறதைச் செய்யவேணும் எண்ட எண்ணம், அவ்வளவுதான். ஊத்திறவர் அதை விசுவசிக்க வேணும் எண்டுகூட இல்லை. அந்த அம்மா உங்கட வேதத்தில என்ன செய்யிறதோ அதை இந்தப் பிள்ளைக்குச் செய்யிறன் எண்டுதானே ஊத்தினவ, அது காணும். இது இப்ப வந்த சலுகை இல்லை, 1439ல புளோரன்ஸ்ல கூடின ஆயர்மார் சங்கமே அவசரத்தில ஆணோ பெண்ணோ, வேற சமயத்து ஆள்கூடக் குடுக்கலாம் எண்டு எழுதி வச்சிருக்கு, இண்டைய திருச்சபைச் சட்டம் 861ம் அதையேதான் சொல்லுது. அதுக்கும் கன காலம் முன்னம் வட ஆபிரிக்காவில டொனாத்து கட்சிக்காரர், வேதக் கலாபனை (துன்புறுத்தல்) நேரம் பின்வாங்கின குருமார் குடுத்த ஞானஸ்நானம் செல்லாது எண்டு நிண்டவை, அர்ச். (புனித) அகுஸ்தீனார் அதை விடேல்லை, குடுக்கிற கை ஆற்ற கையா இருந்தாலும் ஞானஸ்நானம் கிறிஸ்துவின்ர எண்டு திருப்பித் திருப்பி எழுதினவர்.

எங்கட ஆக்களுக்கு இது விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்? 1658ல ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சு சுவாமிமாரைக் கலைச்ச பிறகு, 1687ல கோவாக் குருவான யோசப் வாஸ் முனிவர் வேசம் மாத்தி வந்து இறங்கும் வரைக்கும் கிட்டத்தட்ட முப்பது வருசம் சுவாமியில்லாமல் சாதாரண ஆக்களின்ர வீட்டுச் செபத்தோடதான் வேதம் நிண்டது.

ஞானஸ்நானம் ஒருக்காத்தான், திருப்பிக் குடுக்கக் கூடாது. நீங்கள் செய்யவேண்டியது பங்குச் சுவாமியிட்டப் போய் நடந்ததை அப்பிடியே சொல்லுறது. சொன்ன வார்த்தை சரியோ எண்டு அவர் வடிவாக் கேப்பார், கேக்கத்தான் வேணும், கோவிக்காதேங்கோ. உண்மையாச் சந்தேகம் இருந்தா மட்டும் "நீ ஏற்கெனவே பெறாதிருந்தால்" எண்டு நிபந்தனையோட குடுப்பார். மற்றப்படி தைலம் பூசுறது, வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி எண்டு அண்டைக்கு விட்ட சடங்குகளைச் செய்து புத்தகத்தில பதிவார். சாட்சிக்கு நம்பிக்கையான ஒராள் சொன்னாக் காணும் எண்டு சட்டம் 876 சொல்லுது. அந்த அம்மா எங்கயாவது இருந்தா தேடிப் பிடிச்சு உறுதிபூசுதல் நாளைக்குக் கூப்பிட்டு முன் வாங்கில இருத்துங்கோ, அவவுக்கு அந்த உரிமை இருக்கு.

இடம்பெயர்ந்து போகேக்க ஆக்கள் விட்டிட்டுப் போன வீடொண்டில அரிசியும் பருப்பும் எடுத்தனான், என்னோட சின்னப் பிள்ளையள். பிறகு ஒருநாள் ஷெல் விழ விழ சுவாமி எல்லாருக்கும் சேர்த்துப் பாவப்பொறுத்தல் குடுத்தவர். அதுக்குப் பிறகு நான் தனியப் பாவசங்கீர்த்தனம் செய்யேல்லை, வெக்கத்தில நன்மையும் (நற்கருணை) வாங்கிறேல்லை. நான் சாவான பாவத்தில இருக்கிறனோ? (விசுவமடு வாசகர்)

அண்ணை, இவ்வளவு வருசம் நன்மை வாங்காமல் இருந்தனீங்கள் எண்டு வாசிக்கத்தான் எனக்கு மனம் தாங்கேல்லை.

முதல் அரிசிக் கதை. பசியில சாகப்போற ஆள் உயிர் தப்ப வேற வழியில்லாமல் மற்றவரின்ர சாப்பாட்டை எடுத்தா அது களவே இல்லை. நான் சொல்லேல்லை, 13ம் நூற்றாண்டில அர்ச். தோமாஸ் அக்குவினார் சொன்னது, 1992ல வந்த திருச்சபை மறைக்கல்வி நூலும் 2408ம் பந்தியில அதையேதான் சொல்லுது. உலகத்துப் பொருளை ஆண்டவர் எல்லாரும் சீவிக்கத்தான் தந்தவர், அந்தரத்தில அதுதான் முன்னுக்கு நிக்கும். இதே வீட்டில மோட்டரையோ ரீவியையோ விக்கிறதுக்கெண்டு கழட்டிக்கொண்டு போனவை இருந்தா அவைக்கு இந்த நியாயம் பொருந்தாது, அவை திருப்பிக் குடுக்கத்தான் வேணும்.

சாவான பாவம் எண்டதுக்கும் மூண்டு இருக்கோணும்: காரியம் பாரமானது, அது பாரம் எண்ட முழு அறிவு, முழுச் சம்மதம். ஒண்டு குறைஞ்சாலும் அது சாவான பாவம் இல்லை. ஷெல்லுக்க பிள்ளையளோட ஓடின மனுசனிட்ட முழுச் சம்மதம் எங்க இருக்கும்?

மற்றது அந்தப் பொதுப் பாவப்பொறுத்தல். மரண ஆபத்து, ஒவ்வொருத்தரா கேக்க நேரமில்லை எண்டா குரு அப்பிடிக் குடுக்கலாம், சட்டம் 961. மனஸ்தாபத்தோட (பாவத்துக்கு மனம் வருந்தி) வாங்கின உங்களுக்கு அண்டைக்கே மன்னிப்புக் கிடைச்சது. ஒண்டு மட்டும் மிச்சம், அப்ப பாரமான பாவம் ஏதும் இருந்திருந்தா வசதி வந்த கெதியில அதைத் தனியாச் சொல்லவேணும். மன்னிப்புக் கிடைக்கேல்லை எண்டதால இல்லை, பிறகு தனியாச் சொல்லுறன் எண்டு அப்பவே மனசில நினைச்சுக்கொண்டுதானே அதை வாங்கிறது. பிந்திப்போச்சு எண்டு யோசிக்காமல் வாற சனிக்கிழமை பின்னேரம் போங்கோ. எங்கயிருந்து தொடங்கிறது எண்டு தெரியாட்டி "சுவாமி, கனகாலம், உதவி செய்யுங்கோ" எண்டு சொல்லுங்கோ, மிச்சத்தை அவர் கேப்பார்.

மருமகள் புதுச் சபையொண்டுக்குப் போறா. மடு மாதாவை வணங்கிறது விக்கிரக ஆராதனை எண்டு வீட்டில ஒரே சண்டை. (செட்டிகுளம்)

787ல இரண்டாம் நீசேயா சங்கத்திலயே முடிஞ்ச கதை இது. ஆராதனை ஆண்டவருக்கு மட்டும், மாதாவுக்கும் அர்ச்சிஷ்டவர்களுக்கும் வணக்கம், சுரூபத்துக்குக் குடுக்கிற மரியாதை அந்த ஆளுக்குத்தான் போகுது. ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலயிருந்து காட்டுக்க தூக்கிக்கொண்டு ஓடின மடு மாதா சுரூபத்தை 2008 சித்திரையில யுத்தத்தால திரும்பவும் தூக்கி, தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. அதைத் தூக்கினவை மரக்கட்டையைக் கடவுள் எண்டு நினைச்சுத் தூக்கேல்லை, தங்கட தாயைத்தான் தூக்கினவை. இதை மருமகளுக்கு ஒருக்கா அமைதியாச் சொல்லுங்கோ, பிறகு விட்டிடுங்கோ. கத்தி ஆரையும் கோயிலுக்குத் திருப்பேலாது.

என்ர மகன் 2009 வைகாசியில வட்டுவாகல்ல வச்சுப் போனவன்தான், இண்டைக்கும் ஒரு தகவலும் இல்லை. கார்த்திகை 2ம் திகதி எல்லாரும் சேமக்காலைக்குப் போய்ப் பூ வைக்கினம், எனக்குக் கல்லறையும் இல்லை. இறந்த பூசை வச்சா நானே அவனைச் சாகடிச்ச மாதிரி. வைக்காட்டி உத்தரிக்கிற ஸ்தலத்தில கிடந்து தவிப்பானோ எண்டும் பயம். (ஒரு அம்மா, முல்லைத்தீவு)

அம்மா, உத்தரிக்கிற ஸ்தலம் இன்னொரு நரகம் இல்லை. அங்க இருக்கிறவை எல்லாரும் ஏற்கெனவே ஆண்டவரின்ர ஆக்கள், மோட்சம் நிச்சயமான ஆக்கள், சுத்தமாகிறது மட்டும்தான் மிச்சம். பிரசங்கத்தில பயப்பிடுத்திறதுக்குச் சொன்ன நெருப்புக் கதையளை மனசில வச்சிருக்காதேங்கோ. 1563ல திரெந்து சங்கமே இந்த விசயத்தில வீண் கதையளையும் காசு பாக்கிற வேலையளையும் நிப்பாட்டச் சொல்லி ஆயர்மாருக்குக் கட்டளை போட்டது. எங்கட செபம் அந்த ஆத்துமாக்களுக்கு உதவும், அது எங்கட விசுவாசம், மக்கபேயர் இரண்டாம் புத்தகம் 12ம் அதிகாரத்திலயே இருக்கு.

ஆனா நீங்கள் உங்கட மகன் செத்திட்டான் எண்டு முடிவெடுக்கத் தேவையே இல்லை. பூசையை உயிரோட இருக்கிறவருக்கும் ஒப்புக்குடுக்கலாம், இறந்தவருக்கும் ஒப்புக்குடுக்கலாம், சட்டம் 901. எங்க இருக்கிறான், எப்பிடி இருக்கிறான் எண்டது ஆண்டவருக்குத் தெரியும், நீங்கள் அவருக்கு விலாசம் எழுதிக் குடுக்கவேண்டியதில்லை. பூசைக் கருத்துத் துண்டில "இறந்த" எண்டு எழுதாமல் பேரை மட்டும் எழுதுங்கோ. எழுதிறவர் உயிரோட இருக்கிறவருக்கோ மரிச்சவருக்கோ எண்டு கேட்டா "என்ர மகனுக்கு" எண்டு சொல்லுங்கோ, காணும், அதுக்கு மேல ஆரும் கேட்டா சுவாமியிட்ட நேராப் போங்கோ. கார்த்திகையில மட்டும் இல்லை, அவன்ர பிறந்தநாளுக்கும் வையுங்கோ.