கார்டில் கோளாறு இல்லை, விற்றுவிடாதீர்கள்

கேள்வி: என் மகன் சேலத்தில் இன்ஜினியரிங் படிக்கிறான். கம்பெனியில் கழித்த பழைய பிசி ஒன்றை அவனுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஐ5 நான்காம் தலைமுறை, 8 ஜிபி ரேம். கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு கேட்டான். பெங்களூருக்குப் போய் வரும் ஒருவர் மூலம் ஆர்டிஎக்ஸ் 4060 வாங்கினோம். அந்தக் கார்டுக்குப் பவர் கொடுக்கும் ஒயர் பிசியில் இல்லை. அவரே ஒரு சின்ன ஒயர் போட்டு இணைத்துக் கொடுத்தார். கேம் ஓடுகிறது, ஆனால் கூட்டமான இடம் வந்தால் திக்கித் திக்கி நிற்கிறது. ‘கார்டில் கோளாறு, பாதி விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், இதைவிடப் பெரிய கார்டு போட்டுவிடலாம்’ என்கிறார். எனக்கு இந்த விஷயம் ஒன்றும் தெரியாது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்தச் சின்ன ஒயரைப் பார்ப்போம். கேம் திக்குவது அவ்வளவு அவசரம் இல்லை. இதைப் படித்து முடித்ததும் பிசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கார்டையும் ஒயரையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

கம்பெனி பிசிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் ஒயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் ஹார்டுடிஸ்குக்குப் போகும் சாட்டா பவர் முனையில் ஒரு மாற்று ஒயரைச் செருகி, அதிலிருந்து கார்டுக்குக் கரண்ட் எடுத்துவிடுவார்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட். உங்கள் கார்டு முழு வேகத்தில் இழுப்பது 115 வாட். அதில் ஒரு பங்கு மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் வழியாகப் போகும், மீதியெல்லாம் அந்த ஒயரின் தலையில் விழும். கணக்குப் போட்டாலே விளிம்பில் நிற்கிற விஷயம் இது. மலிவான பிளாஸ்டிக் முனை உருகும், சில நேரம் தீயும் பிடிக்கும். அந்தப் பிசி முழுவதற்கும் பவர் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் 300 வாட்டுக்குள்தான் இருக்கும். 4060-க்கு அதன் கம்பெனியான என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட். ஒயர் விஷயம் தெரிந்தே இப்படி மாட்டிக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. வீட்டில் பிள்ளைகள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஆடும் மெஷின் அது.

கார்டைக் கழற்றினால் பிசி நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து ஆபீஸ் ஐ5-களுக்கு உள்ளேயே படம் காட்டும் வசதி உண்டு. மானிட்டர் ஒயரை போர்டின் பின்பக்க முனைக்கு மாற்றினால் போதும். படிப்பு வேலை எல்லாம் நடக்கும், கேம் மட்டும் சில நாள் பொறுக்க வேண்டும்.

சரி, ஏன் திக்குகிறது?

கேம் ஓடும்போது இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். பிராசசர் சித்தாள், கிராபிக்ஸ் கார்டு கொத்தனார். தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள், எந்த வண்டி எங்கே திரும்புகிறது, குண்டு யார் மேல் பட்டது என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டு, ‘இதை வரை’ என்று கார்டுக்கு எடுத்துக் கொடுப்பது பிராசசர். வாங்கி வரைவது கார்டு. சித்தாள் கலவை கொண்டுவரத் தாமதித்தால், எவ்வளவு கைதேர்ந்த கொத்தனாரும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். உங்கள் வீட்டில் நடப்பது இது. நான்காம் தலைமுறை ஐ5 வெளிவந்தது 2013-இல். ஆர்டிஎக்ஸ் 4060 வந்தது 2023-இல். இடையில் 10 வருடம். பிராசசர் நொடிக்கு 50 படம் தயார் செய்தால், கார்டுக்கு 120 வரையும் தெம்பு இருந்தாலும் திரையில் வருவது 50 மட்டும். கூட்டமான இடத்தில் பிராசசருக்கு வேலை இன்னும் ஏறும். அதில் இருப்பது நாலே கோர், அதாவது கணக்குப் போடும் ஆள் நாலே பேர். ஒரு படம் தயாராக வழக்கத்தைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்தால் அதுதான் கண்ணுக்குத் திக்கலாகத் தெரிகிறது.

மகனிடம் ஒன்று கேளுங்கள். கேமில் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி அளவை, 1920-1080-இலிருந்து 1280-720 ஆகக் குறைத்தபோது எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) ஏறியதா? ரெசல்யூஷன் குறைந்தால் வரைகிற வேலைதான் குறையும், கணக்குப் போடும் வேலை அப்படியே இருக்கும். எண் அசையவே இல்லை என்றால் கார்டு மேல் பழி இல்லை, பிராசசர்தான் பிடித்து நிறுத்துகிறது. நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. இதைப் பார்க்கும் முன் கேம் செட்டிங்கில் வி-சிங்க்கை அணைத்திருக்க வேண்டும். அது மானிட்டரின் வேகத்தில், அதாவது பெரும்பாலும் 60-இல், கட்டிப்போட்டுவிடும். இதை அவன் ஏற்கெனவே செய்திருக்கவும் கூடும். பசங்கள் திக்கல் வந்தால் முதலில் செட்டிங்கைத்தான் குறைத்துப் பார்ப்பார்கள்.

கார்டு நல்லதா என்று உறுதி செய்ய இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஓரளவு புதிய பிசியும் சரியான எஸ்எம்பிஎஸ்ஸும் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்குக் கார்டை எடுத்துப் போய், ஒரு மணி நேரம் அதே கேமை ஆடிப் பார்க்கட்டும். அங்கே சீராக ஓடினால் ‘கோளாறு’ என்ற பேச்சுக்கு இடமே இல்லை. அப்படியே ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். பழைய மலிவுக் கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளை மாற்றி, பெரிய பெயர் காட்டும்படி செய்து விற்கும் போலிகள் நிறைய சுற்றுகின்றன. என்விடியா போலி என்றால் ஜிபியு-இசட் கார்டின் பெயருக்கு முன்னாலேயே ‘FAKE’ என்று காட்டிக்கொடுத்துவிடும். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் ஒட்டியுள்ள நம்பரும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

இப்போது அவர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். நல்ல கார்டைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு, அதைவிடப் பெரியதை உங்கள் தலையில் கட்டினால் அவருக்கு இரண்டு பக்கமும் லாபம். உங்களுக்கு அதே 50 படம்தான் வரும், அதே இடத்தில்தான் திக்கும். பெரிய கார்டு இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாகச் சும்மா நிற்கும், அவ்வளவுதான். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இப்படி ‘பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் எனக்கு ஆள் தெரியும், பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம்’ என்று வந்து நிற்பவர்களிடம் ஏமாந்தவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். 18 சதவீதம் மிச்சம் என்று நினைப்பீர்கள், கூடவே வாரன்டியும் போய்விடும். கிரிப்டோ மைனிங்கில் ராப்பகலாக ஓடிக் களைத்த கார்டு, துடைத்துப் புதுப் பெட்டியில் வரும்.

பில் கொடுக்கிறவர்களும் ‘கம்ப்யூட்டர் – 1’ என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை. இதை யாரும் கேட்பதும் இல்லை, தடுப்பதும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணமே இல்லாமல் புகார் கொடுக்கலாம், 1915 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். எல்லாம் இருக்கிறது. ஆனால் என்ன பொருள் வாங்கினோம் என்பதற்கே காகிதம் இல்லாதபோது எதை வைத்துப் புகார் கொடுப்பது? பிராசசர், போர்டு, ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றும் தனி வரியில் மாடலோடு இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கம்பெனிகள் பெயர் வைக்கும் விதமும் இதற்குத் தோதாக இருக்கிறது. ‘ஐ7, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று போட்டிருந்தால் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். உள்ளே 2011-இல் வந்த ஐ7-2600-உம் ஜிடி 730 என்ற பழைய மலிவுக் கார்டும் இருக்கலாம். ஐ7 என்றதும் ஐ5-ஐவிட வேகம் என்று நம்பிவிடுகிறோம். பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். 12400 என்றால் 12-ஆம் தலைமுறை, 4570 என்றால் நான்காவது. கார்டிலும் இதே கதைதான். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 8 ஜிபி ஒன்று, 6 ஜிபி ஒன்று. குறைந்திருப்பது மெமரி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் கோர்களும் குறைவு, வேகமும் குறைவு. சாதாரண மனிதன் இதையெல்லாம் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

இணையத்தில் பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் ‘23 சதவீதம் பொருத்தமில்லை’ என்று கணக்குச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம். யார் யாரைப் பிடித்து நிறுத்துகிறார் என்பது கேமுக்குக் கேம் மாறும். வலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரை வாட்டும். ஃப்ரீ ஃபயரை எமுலேட்டரில் (மொபைல் கேமைப் பிசியில் ஓட்டும் மென்பொருள்) ஆடினாலும் உழைப்பது பெரும்பாலும் பிராசசர்தான். காட்சி அழகுக்காகச் செய்த கதை கேம்கள் கார்டை வாட்டும். இதற்கெல்லாம் ஒரே சதவீதம் எங்கிருந்து வரும்?

‘அப்படியானால் ஒயரே வேண்டாத சின்ன கார்டு ஒன்றை மாற்றித் தருகிறேன்’ என்றும் அவர் சொல்லக்கூடும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பொதுவாக எந்தக் கார்டும் பழைய போர்டின் ஸ்லாட்டில் ஓடும், இழப்பும் பெரிதாக இருக்காது. உங்கள் 4060-உம் அப்படித்தான். ஆனால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற இரண்டும் விதிவிலக்கு. கார்டும் போர்டும் பேசிக்கொள்ள வழக்கமாக 16 பாதைகள் இருக்கும், 4060-இல் 8 இருக்கிறது, இந்த இரண்டிலும் வெறும் 4. பிசிஐஇ என்பது அந்தப் பாதைகளின் தலைமுறை. பிசிஐஇ 4.0 உள்ள புதிய போர்டில் ஒவ்வொரு பாதையும் வேகமானது என்பதால் ஓரளவு சமாளித்துவிடும். நான்காம் தலைமுறை ஐ5 பிசிஐஇ 3.0, எனவே அந்த நாலு பாதையின் வேகமும் பாதி. இரண்டாம் தலைமுறை என்றால் 2.0, கால் பங்கு. 6400-இல் மெமரி 4 ஜிபிதான். 6500 எக்ஸ்டியிலும் பரவலாகக் கிடைப்பது 4 ஜிபிதான். அது நிரம்பியதும் கார்டு, ரேமிலிருந்து பொருளை இழுக்க வேண்டும். இழுக்கும் வழி குறுகல், மறுபடியும் திக்கல். ஒயர் வேண்டாம், சின்ன கேபினெட்டிலும் நுழையும் என்பதற்காக 6400-ஐப் பழைய ஆபீஸ் பிசிக்கென்றே விற்கிறார்கள். அதற்கு மிகவும் ஒவ்வாத இடமும் அதுதான். ஒயர் இல்லாமல் பழைய பிசியில் மாட்ட வேண்டும் என்றால் 75 வாட்டில் ஸ்லாட்டிலிருந்தே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 மாடல்கள் இருக்கின்றன, அவற்றில் 16 பாதை உண்டு. உங்களிடம் 4060 இருக்கும்போது அதுவும் தேவையில்லை.

கார்டை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மாற்றுங்கள். முதல் செலவு 550 வாட் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரையோடு, கார்டுக்கான 8 பின் ஒயர் அதிலேயே வருவதாக. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம், மேலே எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் சரி. அதைப் பழைய பிசியில் மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டலாமா என்று கேட்பீர்கள். முடியாது. பெரும்பாலான கம்பெனி பிசி போர்டுகளின் பவர் முனையே வேறு, கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அதில் நேராகப் பொருந்தாது. எனவே போர்டு, பிராசசர், ரேம், கேபினெட் எல்லாம் ஒன்றாகத்தான் மாற வேண்டும். பழைய ரேம் டிடிஆர்3, புதிய போர்டில் போகாது.

பிராசசரில் ஐ5-12400 உங்கள் கார்டுக்கு நல்ல ஜோடி. 6 கோர், 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலையைக் கவனிக்கும். கை கடித்தால் ஐ3-12100 போதும். பெயர் ஐ3 என்றாலும் பழைய ஐ5-ஐவிட எவ்வளவோ மேல். இந்தப் பிராசசர்களுக்கான எச்610 போர்டில் டிடிஆர்4 ரேம் போடும் வகையும் இருக்கிறது, டிடிஆர்5 வகையும் இருக்கிறது. ரேமோடு சேர்த்துப் பார்த்து வாங்குங்கள். ரேம் 16 ஜிபி, ஒரே குச்சியாக வேண்டாம், 8 ஜிபி இரண்டு. ரேம் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் வாங்கும் நாளில் இரண்டு மூன்று இடத்தில் கேட்டுவிடுங்கள்.

அதே பழைய போர்டில் ஐ7-4790 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கொஞ்சம் பலன் இருக்கும், ஆனால் அது போகிற போர்டில் கொட்டும் பணம். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான், விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வலோரன்ட் ஆட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்பதால், அந்தப் போர்டில் அதுவும் வம்புதான்.

கடையில் ‘12400-க்குப் பதில் 12400எஃப் எடுங்கள், விலை குறைவு’ என்பார்கள். எஃப் என்று முடிந்தால் உள்ளே படம் காட்டும் வசதி இல்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசசரிலும் இல்லை. பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர்களுக்கு அது பெரிய குறை இல்லை. நமக்கு அப்படி இல்லை. கார்டு வாரன்டிக்குப் போனால் பெரும்பாலும் வெளியூருக்குத்தான் கூரியர் போக வேண்டும், எப்போது திரும்பும் என்று யாரும் சொல்வதில்லை. அத்தனை நாளும் பிசி கறுப்புத் திரையோடு கிடக்கும், மகனுக்கு புராஜெக்ட் வேலை நிற்கும். மிச்சமாகும் தொகை அதற்கு ஈடாகாது. எஃப் இல்லாததையே கேட்டு வாங்குங்கள், பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.