பறவை நட்டால்தான் அந்தப் பைன்

கேள்வி: மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் வாஷ்பர்ன் மலை ஏறினோம். உச்சிக்குப் பக்கத்தில் கறுப்பு இறக்கையும் சாம்பல் உடம்புமாக ஒரு பறவை, பைன் காயை உடைத்து உடைத்து விதைகளை விழுங்கியது, தொண்டையே புடைத்துவிட்டது. சுற்றிலும் எத்தனையோ மரங்கள் பட்டுப்போய் நின்றன. மரங்களை அழிப்பது இந்தப் பறவையா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: இல்லை அம்மா, அங்கே அந்த மரம் முளைப்பதே அந்தப் பறவையால்தான். நீங்கள் பார்த்தது கிளார்க்ஸ் நட்கிராக்கர், காக்கைக் குடும்பம். மரம், வைட்பார்க் பைன். பெரும்பாலான பைன்களின் காய் தானே விரியும், இறகுள்ள விதை காற்றில் பறக்கும். வைட்பார்க்கின் காய் தானாக விரியாது. பட்டாணி அளவு விதைக்கு இறகும் கிடையாது. நட்கிராக்கர் வந்து உடைத்தால்தான் உண்டு.

அது விழுங்கவில்லை. நாக்குக்கு அடியில் ஒரு பை இருக்கிறது, அதில் சேர்த்துக்கொண்டு போய் மூன்று நான்காக மண்ணில் ஓரங்குல ஆழத்தில் புதைக்கும். ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான இடங்கள். பாறை, விழுந்த மரம் இவற்றை அடையாளம் வைத்து மறுபடி தோண்டித் தின்னும், குஞ்சுகளுக்கும் ஊட்டும். தின்னாமல் விட்டதுதான் காடு. செவ்வணில்கள் காயை வெட்டிக் குவித்து வைக்க, கிரிஸ்லி கரடிகள் அந்தக் குவியலைக் கிளறித் தின்று குளிர்காலத் தூக்கத்துக்குக் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும்.

மரங்களைக் கொன்றது முக்கியமாக இரண்டு. ஒன்று, 1910 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த நாற்றுகளோடு கனடாவின் வான்கூவரில் இறங்கிய கொப்புளத் துரு என்னும் பூஞ்சை நோய். மற்றது பட்டைக்குள் துளைக்கும் மலைப்பைன் வண்டு. வண்டு அந்த மண்ணுக்குச் சொந்தம்தான். முன்பெல்லாம் உச்சிக் குளிர் அதைக் கொன்றுவிடும், இப்போது குளிர் தணிந்ததில் மேலேறிவிட்டது. அமெரிக்காவில் நிற்கும் வைட்பார்க் மரங்களில் பாதிக்குமேல் பட்டமரம் என்று 2016 நிலவரம் சொன்னது. 2022 டிசம்பரில் அதை அழியும் அபாயமுள்ள இனமாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. காய் குறைந்த மலையில் நட்கிராக்கர் தங்காது, வேறு இடம் தேடிப் போய்விடும். அது போய்விட்டால், மிஞ்சிய மரம் காய்த்தும் நடுவாரில்லை.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் விதை சேகரிக்கும் குழுவோடு நான் வேலை செய்திருக்கிறேன். கோடைத் தொடக்கத்தில் மரமேறிப் பிஞ்சுக் காய்களுக்குக் கம்பிவலைக் கூண்டு கட்டுவோம், செப்டம்பரில் பறிப்போம். கூண்டில்லாவிட்டால் பறவையும் அணிலும் ஒன்றுகூட மிச்சம் வைக்காது. கையில் ஒட்டிய பிசின் லேசில் போகாது. கூண்டு எல்லா மரத்துக்கும் அல்ல. சுற்றியுள்ளவை துருவில் சாகும்போதும் தாக்குப்பிடித்து நிற்கும் மரங்களுக்குத்தான். அந்த விதைகள் கோர்டலேன் ஊரிலுள்ள வனத்துறை நாற்றங்காலில் கன்றாகி மறுபடி மலையேறுகின்றன.

ஆனால் கன்று நன்றாகக் காய்க்க அறுபது எழுபது வருஷம் ஆகும். அதுவரை பறவையை அங்கே நிறுத்த, நிற்கும் தாய்மரங்களைக் காப்பதுதான் அவசரம் என்பேன். இனி போனால் அடிமரத்தில் சிறு பாக்கெட் அறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘இங்கே இடமில்லை’ என்று வண்டுக்குச் சொல்லும் மணப்பொருள் அதில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் பிய்க்க விடாதீர்கள்.