ஒரே பாட்டு, இரண்டு நீளம்: சோல் தொகுப்பு வாங்குமுன்

கேள்வி: எழுபதுகளின் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்கு ஒரு நல்ல தொகுப்பு வாங்க விரும்புகிறேன். சோல் எப்படி டிஸ்கோ என்ற நடன இசையாக மாறியது என்பதைக் காதால் கேட்டு அறிவதே நோக்கம். நான் பார்த்த இரண்டு தொகுப்புகளிலும் ஹரால்டு மெல்வின் அண்டு தி ப்ளூ நோட்ஸ் குழுவின் ‘தி லவ் ஐ லாஸ்ட்’ இருக்கிறது. மலிவானதில் அது ஏறத்தாழ மூன்றரை நிமிடம். மற்றதில் ஆறு நிமிடத்துக்கும் மேல். எது உண்மையான பதிவு?

பதில்: இரண்டும் உண்மையானவையே. 1973-இல் வெளிவந்த அந்தப் பாடல், ஏழு அங்குல சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறு தட்டின்) ஒரு பக்கத்தில் அடங்காததால், முதல் பகுதி, இரண்டாம் பகுதி என்று வெட்டப்பட்டு இரு பக்கங்களில் பதிக்கப்பட்டது. உங்கள் மலிவுத் தொகுப்பில் இருப்பது அந்த முதல் பகுதி. முழுப் பதிவு குழுவின் எல்.பி.யில் (பல பாடல்கள் கொண்ட பெரிய தட்டில்) இடம்பெற்றது.

உங்கள் நோக்கத்துக்கு நீளமானதையே வாங்குங்கள். கென்னி கேம்பிள், லியோன் ஹஃப் இருவரும் 1971-இல் பிலடெல்பியாவில் தொடங்கிய பிலடெல்பியா இன்டர்நேஷனல் நிறுவனத்தின் வெளியீடு இது. முதலில் மெதுவான சோகப் பாட்டாகத்தான் எண்ணப்பட்டது. வேகம் கூட்டப்பட்டபோது, டிரம்ஸ் வாசித்த ஏர்ல் யங், பேஸ் டிரம்மை நான்கு எண்ணிக்கையிலும் விடாமல் மிதித்து, எண்ணிக்கைகளுக்கு நடுவே ஹை-ஹேட் என்ற இரட்டை உலோகத் தட்டுகளைத் திறந்து ‘ஸ்ஸ்’ என்று ஒலிக்கவிட்டார். நான்கிலும் அடிப்பது புதிதன்று. அறுபதுகளில் மோடவுன் நிறுவனம் வெளியிட்ட பாடல்கள் பலவற்றில் அது உண்டு. ஆனால் அங்கே அது ஸ்னேர் என்ற சிறு டிரம்மில், குச்சியால் விழுந்தது. இங்கே கைவேலை காலுக்கு இறங்கிவிட்டது. மேலே குழுவின் பாடகர் டெடி பெண்டர்கிராஸின் கரகரத்த குரலோ தேவாலயப் பாடகரின் கதறலை விடவே இல்லை. பின்பாதியில் வரிகள் தளர்ந்து, அவர் தாளத்தின் மேல் விருப்பம்போல் கூவிக்கொண்டு போகிற இடத்தில்தான் சோலும் டிஸ்கோவும் ஒரே அறையில் இருப்பதைக் கேட்கலாம். குறுகிய பதிப்பு அதற்கு முன்பே மங்கி மறைந்துவிடுகிறது.

ஆகவே இந்தக் காலத் தொகுப்பு எதை வாங்கினாலும், பாடல் பெயர்களைவிடப் பின்னட்டையில் அச்சிட்டுள்ள நிமிடக் கணக்கை முதலில் படியுங்கள். மோடவுனிலேயே 1972-இல் எடி கெண்ட்ரிக்ஸ் பாடிய ‘கேர்ள் யூ நீட் எ சேஞ்ச் ஆஃப் மைண்ட்’ ஏழு நிமிடத்தைத் தாண்டியது; நியூயார்க் நடனக் கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆடுகிறவர்கள் சூடு பிடிக்கும் நேரத்தில் பாட்டு முடிந்துவிடுகிறதே என்ற குறைதான் ஒலிக்கலவையாளர் டாம் மோல்டனைப் பாடல்களை நீட்டும் வேலையில் இறக்கியது. குளோரியா கேய்னரின் 1975 எல்.பி.யின் முதல் பக்கத்தில் மூன்று பாடல்களை இடைவெளியே இல்லாமல் அவர் இணைத்தார். 1976-இல் சால்சோல் நிறுவனம், டபுள் எக்ஸ்போஷர் குழுவின் ‘டென் பெர்சென்ட்’ பாடலை நடனக் கூட டி.ஜே. வால்டர் கிப்பன்ஸைக் கொண்டு ஒன்பது நிமிடத்துக்கு மேலாக நீட்டி, பன்னிரண்டு அங்குல சிங்கிளாகப் பொதுமக்களுக்கு விற்றது. கடைவிற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் அதுவே. ஒரே பாட்டுக்கு அவ்வளவு பெரிய தட்டு கிடைத்ததால் ஒலி பதியும் பள்ளங்களை அகலமாக வெட்ட முடிந்தது. பேஸ் ஒலியும் தாராளமாக விழுந்தது.

ஒரு வகையை மட்டும் தயங்காமல் ஒதுக்குங்கள். எழுபதுகளில் கே-டெல் போன்ற நிறுவனங்கள் ஒரே எல்.பி.யில் இருபது பாடல்களுக்கு மேல் திணித்து விற்றன. ஒரு பக்கத்தில் இருபது நிமிடம்தான் வசதியாக அடங்கும். பத்துப் பாட்டு வேண்டுமென்றால் சிங்கிள் பதிப்பையே இன்னும் நறுக்கவேண்டும், ஒலியையும் தாழ்த்தவேண்டும். அட்டைப்படத்துக்காகச் சேகரிப்பவர்களை நான் தடுக்கமாட்டேன்.

கேள்வி: ‘அசல் கலைஞர்கள்’ என்று அட்டையில் போட்டிருந்த சோல் குறுந்தட்டை வாங்கினேன். குரல் அதே குரல்போல இருந்தாலும் பாட்டு அதே பாட்டாக இல்லை. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: அட்டை பொய் சொல்லவில்லை, ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. பழைய ஒலிப்பதிவின் உரிமை பெரும்பாலும் பாடகரிடம் இருக்காது, அதை வெளியிட்ட நிறுவனத்திடம் இருக்கும். ஆகவே வேறு நிறுவனங்கள் அதே பாடகரைப் பல ஆண்டுகள் கழித்து அழைத்து, அதே பாட்டை மறுபடி பாடவைத்து, உரிமத் தொகையைச் செலுத்தாமலே தொகுப்புப் போட்டுவிடுகின்றன. மறுபதிவு என்ற குறிப்பு பின்னட்டையின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் ஒலிப்பதிவு உரிமையாளரின் பெயரும் தொகுப்பில் இருக்கவேண்டும்.

ஐரோப்பாவில் 1962 வரை வெளியான பதிவுகளின் பாதுகாப்புக் காலம் முடிந்துவிட்டது. ஆகையால் சோலின் தொடக்ககாலப் பாடல்களை அங்கே யாரும் சட்டப்படியே தொகுத்து விற்கலாம், விலையும் சொற்பம். மூல நாடா கைக்குக் கிடைக்காத இடத்தில் பழைய தட்டிலிருந்தே ஒலியைப் பிரதியெடுப்பதால், தரம் ஆளுக்கு ஆள் மாறும். எழுபதுகளின் பாடல்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. உரிமக் குறிப்பே இல்லாத டிஸ்கோ தொகுப்பைத் தள்ளிவைப்பது நல்லது. லண்டனின் ஏஸ் நிறுவனமும், 1982-இல் தொடங்கிய அதன் கென்ட் பிரிவும் உரிமம் பெற்று, விரிவான குறிப்பேட்டுடன் வெளியிடுகின்றன. அந்தக் கூடுதல் விலையை நான் மனமொப்பிக் கொடுப்பேன்.

கேள்வி: ஸ்டாக்ஸ் என்ற சோல் இசை நிறுவனத்தின் சிங்கிள்கள் முழுமையாக வேண்டும். ‘கம்ப்ளீட்’ என்ற பெயருடைய ஒன்பது தட்டுப் பெட்டியை வாங்கினால் போதுமா?

பதில்: போதாது. 1991-இல் வந்த அந்தப் பெட்டியில் 244 பாடல்கள் உண்டு என்றாலும் அது 1968-உடன் நின்றுவிடுகிறது. அதுவரை ஸ்டாக்ஸை விநியோகித்த அட்லாண்டிக், ஒப்பந்தம் முறிந்தபோது அந்த மூலப் பதிவுகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டதுதான் காரணம். பிந்தைய பாடல்கள் வேறு நிறுவனத்தின் கைக்குப் போய், இரண்டாம், மூன்றாம் பெட்டிகளாகத் தனியே வந்தன. மூன்றாவது 1975-இல் முடிகிறது; அந்த டிசம்பரில் ஸ்டாக்ஸ் திவாலாகிவிட்டது. டிஸ்கோவைத் தேடுகிறவர் மூன்றாவதில் தொடங்கலாம். பாடகர் ஓடிஸ் ரெடிங் வேண்டுமென்றால் முதலாவது மட்டும் போதும்.